வலி நின்றது; நோய் நின்றதா?

பல்வலியால் எவரும் மாண்டதில்லை என்பது மக்களிடையே பரவலாக நிலவும் எண்ணம். மூன்று நாள் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரை நாடுவோர்கூட, பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு இரவைக் கழிப்பர். விடிந்ததும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவர். வலி தணிந்ததும் வேலைக்குத் திரும்புவர். சில நாட்களில் வலி அறவே நின்றுவிடுவதும் உண்டு. நோய் தானாகவே தீர்ந்தது என்று அப்போது நிம்மதி பிறக்கிறது. உண்மையில், பல்லின் உள்ளே இருந்த உயிர்ப் பகுதி மடிந்துவிட்டதற்கு அடையாளமே அந்த நிம்மதி. பல் நோய்களைப் பற்றிய தவறான முடிவுகளுள் பல, வலியையே நோய் என எண்ணும் இந்தத் தவற்றிலிருந்து பிறக்கின்றன.

இது ஒரு சிலரின் துன்பம் அன்று. உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் ஏதேனும் ஒரு வாய் நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03-ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய வாய்நல ஆய்வு, 12 வயதுச் சிறாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 35 முதல் 44 வயதுடையோரில் ஐவருள் நால்வருக்கும் சொத்தைப் பல் இருப்பதைக் காட்டியது. இவ்வளவு பரவலான நோய், மிக மெதுவாக முற்றும் நோயும் ஆகும். தடுத்து நிறுத்த அது போதிய காலம் தருகிறது. அக்காலம் எவ்வாறு வீணாகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சொத்தை தோன்றும் விதம்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அமிலத்தின் முன் அது வலுவிழக்கிறது. பற்களின் மேல் ஓயாது படியும் மெல்லிய படலத்தில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகிய உப்புகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அமெரிக்க அறிஞர் மில்லர் 1890-இல் வெளியிட்ட இக்கருத்தின் அடிப்படை இன்றும் ஏற்கப்படுகிறது.

கரைந்த உப்புகளை உமிழ்நீர் மீண்டும் பல்லுக்கு வழங்குகிறது. எனவே பல்லின் மேற்பரப்பில் இழப்பும் ஈட்டமும் நாள்தோறும் மாறி மாறி நிகழ்கின்றன. இனிப்பை உணவோடு ஒரு வேளை உண்பவருக்கு உமிழ்நீர் ஈடு செய்யக் கால அவகாசம் கிடைக்கிறது. அதே அளவு இனிப்பை மணிக்கொரு முறை தேநீராகவும் மிட்டாயாகவும் பிஸ்கட்டாகவும் உட்கொள்பவருக்கு அவகாசம் கிடைப்பதில்லை. இனிப்பின் அளவோடு, அதை எத்தனை முறை உண்கிறோம் என்பதும் பல்லின் நலனைத் தீர்மானிக்கிறது.

வலியின் படிகள்

எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே சொத்தை எனாமலில் மட்டும் இருக்கும் வரை வலி இராது. வெண்புள்ளியாகவோ பழுப்புக் கோடாகவோ மட்டுமே அது தெரியும். அடுத்துள்ள டென்டைன் என்னும் அடுக்கை எட்டியதும், குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூச்சம் தோன்றும். பட்ட பொருள் நீங்கியதும் கூச்சமும் நீங்கும். இந்நிலையில் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிட்டால் பல் பிழைக்கும்.

அதற்கும் உள்ளே பற்கூழ் இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பகுதி இது. நுண்ணுயிர்கள் இதனை எட்டும்போது அழற்சி உண்டாகிறது. உடலின் வேறு எவ்விடத்தில் அழற்சி ஏற்பட்டாலும் அவ்விடம் வீங்கும். பற்கூழுக்கோ வீங்குவதற்கு இடமே இல்லை. சுற்றிலும் கடினமான சுவர். அதனால் உள்ளழுத்தம் பெருகி, எதுவும் படாமலேயே வலி எழுகிறது. படுத்தவுடன் தலைப் பகுதியில் இரத்த அழுத்தம் கூடுவதால் இரவில் துன்பம் மிகுகிறது. எந்தப் பல் வலிக்கிறது என்று சுட்டிக் காட்ட இயலாமல், காதும் தலையும் சேர்ந்து வலிப்பதாக நோயாளி கூறுவதும் இப்படியில்தான்.

பின்னர் ஒரு நாள் வலி நிற்கிறது. பற்கூழ் மடிந்து, வலியை உணர்த்தும் நரம்பும் மடிந்துவிட்டது. ஆனால் நுண்ணுயிர்கள் மடியவில்லை. உயிரற்ற அக்குழியில் அவை தடையின்றிப் பெருகி, வேரின் நுனித் துளை வழியே தாடை எலும்பை அடைகின்றன. வாரங்களோ மாதங்களோ கழித்து, அப்பல்லால் கடித்தால் வலி, ஈற்றில் சீழ்க்கொப்புளம், கன்னத்தில் வீக்கம் என்று நோய் மீண்டும் தலைகாட்டுகிறது.

சீழ் பரவும் வழிகள்

வேரின் நுனியில் சேரும் சீழ், தடை குறைந்த வழியை நாடிச் செல்லும். ஈற்றின் மேல் உடைந்து வடிந்தால் வலி குறையும். நோய் நாட்பட்டதாக மாறும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ் நாக்கின் அடியிலும் தாடையின் அடியிலும் உள்ள மென்தசை இடைவெளிகளில் பரவினால் நிலைமை வேறு. அப்போது நாக்கு மேல்நோக்கித் தள்ளப்படும், விழுங்குவது கடினமாகும், இறுதியில் மூச்சுப் பாதையே அடைபடக்கூடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த இந்நோய் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பல்வலியால் எவரும் மாண்டதில்லை என்னும் எண்ணத்தை இந்நோய் பொய்யாக்குகிறது. நீரிழிவு உள்ளோரிடம் இத்தகைய சீழ் விரைந்து பரவும்.

எனவே சில அறிகுறிகளைக் கண்டதும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வாயைத் திறக்க இயலாமை, விழுங்குவதிலும் பேசுவதிலும் இடர், தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கெட்டியான வீக்கம், கண்ணை மூடும் அளவுக்கு முக வீக்கம், குளிருடன் காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை அவை. இவை காணப்படுவோரைப் பல் மருத்துவரின் அடுத்த நாள் நேரத்துக்காகக் காத்திருக்க வைக்காமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய பட்டியல் இது.

மருந்துக் கடை மருத்துவம்

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வலியைத் தணிக்கும். மருத்துவரை அடையும் வரை அவை துணை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளோரும், டெங்கு ஐயமுள்ள காய்ச்சல் உடையோரும் ஐபுப்ரோஃபெனைத் தாமாக உட்கொள்ளலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈற்றின் மேல் வைக்கும் வழக்கம் தீங்கானது. அது ஈற்றை வேகச் செய்து புண்ணாக்கும். வீங்கிய கன்னத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுப்பதும் தவறு. சீழ் வெளிப்புறமாகத் திரும்பி முகத்தில் உடைய அது வழி செய்யக்கூடும். வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிப்பதில் தீங்கில்லை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் சிறிது நேரம் மரத்துப் போகச் செய்யும். நோயை அது தொடுவதில்லை.

கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாமாகவே வாங்கி இரண்டு நாள் உட்கொண்டு நிறுத்துவது மிகவும் பரவியுள்ள தவறு. மருந்து இரத்தத்தின் வழியே செல்கிறது. மடிந்த பற்கூழில் இரத்த ஓட்டமே இல்லை. நோயின் ஊற்றுக்கண்ணை மருந்து எட்டுவதில்லை. சுற்றியுள்ள வீக்கம் சற்று வற்றும்; ஊற்றுக்கண் அப்படியே இருக்கும். சீழுக்கு வழி திறந்துவிடுவதும், பல்லின் உட்புறத்தைத் துப்புரவு செய்வதும், அல்லது பல்லை அகற்றுவதுமே உண்மையான மருத்துவம். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் துணை மருந்தாகிறது. தேவையற்ற இடத்தில் தந்தால், மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் உருவாவதே அதன் பயன். இக்கேட்டை எதிர்த்து 2017-இல் மைய அரசு தேசியச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது நினைவுகூரத்தக்கது.

பல்வலிக்குப் புகையிலையை மருந்தாக அடக்கிக்கொள்ளும் வழக்கமும் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. மராட்டியத்தின் மிஷ்ரி போன்ற கருக்கிய புகையிலைப் பொடிகள், பல் துலக்குவதற்கென்றே தொடங்கிப் பின்னர் விடமுடியாத பழக்கமாகிவிடுகின்றன. பல் பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை மைய அரசு 1992-இல் தடை செய்தது. சிறு வலிக்குத் தேடிய மருந்து வாய்ப் புற்றுநோயில் முடிவது பெருங்கொடுமை.

காப்பதா, பிடுங்குவதா?

பற்கூழ் கெட்ட பல்லையும் காக்க இயலும். கெட்ட கூழை அகற்றி, வேரின் உட்குழலைத் துப்புரவு செய்து, அடைத்து, மேலே உறை இடுவதே வேர்ச் சிகிச்சை. இதற்கு ஒன்று முதல் மூன்று முறை வரை மருத்துவரிடம் செல்ல நேரிடும். பல் முற்றிலும் சிதைந்தாலோ, வேர் பிளந்தாலோ, ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடினாலோ பிடுங்குவதே முறை.

மருத்துவ நூல் கூறும் இந்த வரம்பு, நடைமுறையில் பலருக்குப் பயன்படுவதில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து நெடுந்தொலைவில் வாழும் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். வேர்ச் சிகிச்சைக்கு மூன்று முறை செல்வதென்றால் மூன்று நாள் கூலி இழப்பு. மூன்று முறை பேருந்துக் கட்டணம். அதன்மேல் உறைக்கான செலவு. பிடுங்குவதோ ஒரு நாளில் முடிந்துவிடும். காக்கக்கூடிய பல்லையும் பிடுங்கிவிடுமாறு அவரே வேண்டுவார். சிகிச்சை அளிப்போர் நிலையும் இதற்கு ஒத்ததே. ஊசியும் குறடும் இருந்தால் பல்லைப் பிடுங்கலாம். காப்பதற்கு நாற்காலி, துளைக்கும் கருவி, அழுத்தக் காற்று, எக்ஸ்ரே, தடையற்ற மின்சாரம் ஆகியன வேண்டும். ஒரு பல் காக்கப்படுமா என்பதைச் சொத்தையின் ஆழத்தோடு, சாலையின் நீளமும் சேர்ந்து முடிவு செய்கிறது.

பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. பக்கத்துப் பல் அவ்விடம் நோக்கிச் சாயும். எதிர்ப் பல் இறங்கும் அல்லது எழும்பும். மெல்லும் திறன் குறையும். முதியோர் பலர் பருப்பு, கிழங்கு, காய்கறி முதலியவற்றைத் தவிர்த்து, கஞ்சியே போதும் என்றிருப்பதற்கு வறுமையுடன் பல்லிழப்பும் ஒரு காரணமாகும்.

பிடுங்கும் முறையும் பின்னர்ப் பேணலும்

வலியற்ற அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் பல்லுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் 1844-இல் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை நுகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்துகொண்டார். ஸ்வீடனில் 1943-இல் உருவாக்கப்பட்ட லிடோகெயின் மருந்தை இன்று ஊசி வழியே செலுத்தினால் சில நிமிடங்களில் அப்பகுதி மரத்துவிடும். அழுத்தம் உணரப்படும், வலி உணரப்படாது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள நார்களைத் தளர்த்திப் பல்லை மெல்ல அசைத்து வெளிக்கொணர்வதே முறை, வலிந்து இழுப்பதன்று.

மருத்துவரிடம் மறையாது கூற வேண்டியவை சில உள்ளன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய வால்வுக் கோளாறு, இரத்தம் உறையாக் குறை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவை அவை. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்போர் தாமாகவே அதனை நிறுத்துவது பேராபத்து. மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும். சில வகை இதய வால்வுக் கோளாறு உள்ளோருக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் தருவது இன்றியமையாதது.

பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தமே இயற்கை தரும் கட்டு. அதனைக் காப்பதே முதல் நாளின் கடமை. வைத்த பஞ்சுத் துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளித்தலும் அடிக்கடி துப்புதலும் உறிஞ்சிக் குடித்தலும் கூடா. பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகியன அறவே விலக்கத்தக்கவை. சூடில்லாத மென்மையான உணவே உகந்தது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே கடும் வலி எழுந்தால், உறைந்த இரத்தம் கலைந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். மருத்துவரை மீண்டும் காண வேண்டும்.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும் என்னும் அச்சம் நாடெங்கும் நிலவுகிறது. பார்வைக்குரிய நரம்பு வேறு. பல்லின் உணர்வைத் தாங்கும் நரம்பு வேறு. முன்னது மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு இணைகளில் இரண்டாவது, பின்னது ஐந்தாவது. பல் பிடுங்குவதால் பார்வை கெடாது. மாறாக, மேற்பல்லின் சீழை அப்படியே விட்டால்தான் நோய் கண்குழி வரை பரவக்கூடும். அச்சம் சுட்டிக்காட்டும் திசை நேர் எதிரானது.

சட்டமும் அமைப்பும்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர், தாம் நடத்திய ஐஸ்கிரீம் கடையின் வருவாயைக் கொண்டே கல்லூரியைத் தொடக்கத்தில் நடத்தினார் என்பது சுவையான செய்தி. 1949-இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கு வழங்கினார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாள் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டை இரு பகுதிகளாக வகுத்தது. பட்டம் பெற்றோர் முதற் பகுதியில் இடம்பெற்றனர். பட்டமின்றி, ஆனால் இத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டு குறைந்தது ஐந்தாண்டு நடத்தி வந்தோருக்கு இரண்டாம் பகுதியில் இடம் தரப்பட்டது. அன்றைய நாட்டில் பயின்றோர் எத்துணைக் குறைவு என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. இன்று நாட்டில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எனினும் பட்டம் பெற்றோரில் மிகப் பலர் நகரங்களிலேயே தொழில் நடத்துகின்றனர். எனவேதான் சந்தைகளிலும் நடைபாதைகளிலும் பதிவு பெறாதோர் பல் பிடுங்கும் காட்சி முற்றிலும் மறையவில்லை. அவர்களின் கருவிகள் அழுத்த நீராவியில் தூய்மை செய்யப்படுவதில்லை. மஞ்சள் காமாலையின் கொடிய வகைகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவ அது வழியாகிறது. வெறும் தண்டனை இத்தொழிலை ஒழிக்காது. அருகிலேயே கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல சிகிச்சையே ஒழிக்கும்.

இந்நோக்கில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-இல் தொடங்கப்பட்டது. 2018 முதல் அமைக்கப்பட்டு, பின்னர் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றப்பட்ட நலவாழ்வு நிலையங்களின் பணிப் பட்டியலில் வாய்நலமும் இடம்பெற்றுள்ளது. 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்குச் செல்லும் குழுக்கள், பற்களையும் பார்வையிடுகின்றன.

ஆறு வயதுப் பல்

இக்குழுக்கள் தவறாது காண வேண்டிய பல் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னே, எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்து முளைக்காததால் பெற்றோர் அதனையும் பால் பல் என்றே கருதி விட்டுவிடுகின்றனர். அதன் மேற்பரப்பில் ஆழ்ந்த பிளவுகள் இருப்பதால் உணவு எளிதில் தங்கும். சொத்தையும் எளிதில் தோன்றும். வாழ்நாள் முழுவதும் மெல்லுவதற்கென முளைத்த பல், பள்ளிப் பருவத்திலேயே பிடுங்கப்படும் நிலைக்கு வருகிறது.

இதனைக் காக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்குதல் முதற்படி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், அதன்பின் பட்டாணி அளவும் போதும். நல்கொண்டா போன்று நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டங்களில் மருத்துவரின் அறிவுரை தேவை. தொடக்க நிலைச் சொத்தையை மின்சாரமோ துளைக் கருவியோ இன்றி, கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் ஐயனோமர் என்னும் காரையால் அடைக்கும் முறை 1980-களின் நடுவே தான்சானியாவில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் இதனைப் பரிந்துரைத்தது. 2021-இல் இக்காரையும் ஃப்ளோரைடு பற்பசையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பள்ளியின் வராந்தாவிலேயே, ஒரு மேசையின் மேல் மாணவனைப் படுக்கவைத்துச் செய்யக்கூடிய சிகிச்சை இது.

சொத்தை உள்ள பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் குறிப்பதோடு பார்வையிடல் முடிந்துவிடக் கூடாது. எத்தனை பேர் அனுப்பப்பட்டனர், அவர்களுள் எத்தனை பேர் சென்றடைந்தனர், எத்தனை பற்கள் அடைக்கப்பட்டன என்பவையும் கணக்கில் வர வேண்டும். மாவட்ட மருத்துவமனை அறிக்கையில் பிடுங்கிய பற்களின் எண்ணிக்கைக்கு அருகே காத்த பற்களின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும். முதல் எண் குறைந்து இரண்டாம் எண் கூடும் மாவட்டத்தில்தான் பணி நடைபெறுகிறது என்று கொள்ளலாம். வலியோடு வருபவருக்குச் சிகிச்சை அளிப்பது கடமை. வலியே இல்லாத வெண்புள்ளி நிலையில் அவரைத் தேடிச் செல்வதே திட்டமிடல்.